ஆறால் வகுத்த கூலி

அறுப்பு மிஷினுக்கு மணிக் கணக்கு, மனுஷருக்கு நாள் கணக்கு. காரைக்கால் பக்கத்தில் இதுதான் நடப்பு. நான் மிஷின் புரோக்கர். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டிகளை வரவழைத்து வயல்காரர்களுக்குப் பிடித்துக் கொடுப்பவன். அதனால் ஊர் ஊராகக் கூலிப் பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வாய்க்காலைத் தாண்டி தமிழ்நாட்டுக்குள் போனால் ஒரு ரேட், இந்தப் பக்கம் ஒரு ரேட். சென்ட்ரிங் வேலைக்குப் போகிற ஆணுக்கு ஒன்று, வயலில் குனிகிற பெண்ணுக்கு ஒன்று. கேட்டால் "அது அப்படித்தான்" என்பார்கள். அப்படித்தான் என்று எவன் எழுதி வைத்தானோ!

என் அக்கா வரிச்சிக்குடியில் வயல் வேலைக்குப் போகிறாள். அவள் புருஷனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். பத்து மணிக்கே கிளம்பிப் போகிறவளை யார் வேலைக்கு வைப்பார்கள்? அந்த மூன்று நாளும் அவளுக்குக் கூலி கிடையாது. மாமா ரோஷக்காரர். போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், "என்னால உன் கூலி போவுது. இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வர்ல" என்று சொல்லிவிட்டார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு நான் வண்டி விட்டிருந்த வயலுக்குத்தான் வந்தாள். மிஷின் திரும்புவதற்கு வயலின் மூலைகளை முதலில் கையால் அறுத்துவிட வேண்டும். பனி காய்ந்த பிறகுதான் வண்டி இறங்கும். ஏழு மணிக்குக் குனிந்த அக்கா மற்ற பெண்களோடு மூலைகளை முடித்தாள், சாய்ந்து கிடந்த கதிரையும் அறுத்தாள். பத்து மணிக்கு வண்டி இறங்கி ஓடத் தொடங்கியதும், மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறிக் கூலி கேட்டாள். வயல்காரர் ஆபீஸ் உத்தியோகஸ்தர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், கணக்கில் மட்டும் கறார்.

"பன்னண்டு மணி வரைக்கும் நின்னாத்தாம்மா அரை நாள். நடுவுல போனா ஒண்ணும் கெடையாது. வழக்கம் அதான?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மிஷின் டிரைவரைப் பார்த்து, "தம்பி, வண்டிய நிறுத்துப்பா! பொழுது சாயற வரைக்கும் ஓட்டுனாத்தான் உனக்கும் காசாம்!" என்று கத்தினாள். அந்த ஆத்தூர்க்காரன் நிஜமாகவே இன்ஜினை அணைத்துவிட்டான். பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வண்டிக்கு மணிக் கணக்கும்மா" என்றார் வயல்காரர், பதறிப்போய்.

"எனக்கும் அதையே போடுங்க சார். நாள் கூலிய எட்டுப் பங்கு வைங்க, மூணு பங்கு குடுங்க."

"எட்டா?" அவருக்கு நக்கல் வந்துவிட்டது. "டீ, வெத்தல, ஊர்க்கதை எல்லாம் போனா நீங்க பாக்குறது ஆறு மணி நேரம் தேறுமா?"

"சரிங்க, உங்க வாய்ப்படியே ஆவட்டும். ஆறு பங்கு வைங்க."

தலையாட்டிக்கொண்டே பர்ஸை எடுத்தவர் சட்டென்று நின்றார். ஆறில் மூன்று என்றால் பாதி. பன்னிரண்டு மணி வரை நின்றால் தருகிற அதே அரை நாள் கூலி! தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதேதான். அவரும் சிரித்துவிட்டு, "பொல்லாத ஆளும்மா நீ" என்று எண்ணிக் கொடுத்தார். அவள் என் கூடப் பிறந்தவள் என்று அங்கே நின்ற எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு. அவ்வளவு பெருமை.

அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாமா பனியனோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பாதியில விட்டுட்டு வந்துட்டியா? உன் பொழப்பக் கெடுக்கத்தான் நான் உசுரோட கெடக்கேனா?" என்றார் திரும்பாமலே.

"விட்டுட்டு வரலீங்க. மூணு மணி நேரந்தான் பாத்தேன், அரை நாள் கூலி வாங்கிட்டேன். நம்பலன்னா தம்பியக் கேளுங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். டிரைவர் இன்ஜினை அணைத்த இடத்தில் மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! எழுந்து உட்கார்ந்தார். கொடியில் கிடந்த சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். பட்டனை மாட்டியபடி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்ப, சனிக்கிழமையும் வரலாம்ல?"