ஓப்பராவின் பக்கக் கதவில் நாற்பது வினாடி

1. ஜூன் 3: "ஒஸ்லோ தேசிய ஓப்பராவின் வரலாறு: பழைய அரங்கிலிருந்து புதிய அரங்கு வரை. தமிழில் நடைச் சுற்றுலா, மூன்று மணி நேரம்" என்று விளம்பரம் வந்தது.
2. ஜூன் 14: பழைய அரங்குக்கு நான்கு நிமிடம் தரப்பட்டது. அதன் பக்கக் கதவுக்கு நாற்பது வினாடி.
3. ஜூன் 16: எங்கள் படம் ஏற்பாட்டாளரின் முகநூல் பக்கத்தில் வெளியானது. கீழே, "முதன்முறையாக ஓப்பராவை அறிந்துகொண்ட நம் மூத்தோர்."
4. ஜூன் 20: அதுபற்றி அவருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலாகக் கைகூப்பும் சின்னம் ஒன்று வந்தது.

இனிப் பயணம். என் அக்கா சரோஜினி அந்த ஓப்பராவின் உடை அறையில் பத்தொன்பது ஆண்டுகள் இஸ்திரி போட்டவர். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் பாட்டைக் கேட்டே அடுத்து எந்த உடை மேடைக்குப் போகவேண்டும் என்று அறிவார். 2008இல் நிறுவனம் துறைமுகக் கரையிலுள்ள புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டு அத்தான் பக்கவாதத்தில் விழுந்தார். அக்கா வேலையை விட்டார். புதிய கட்டடத்தின் வாசலை அவர் மிதித்ததில்லை. இரண்டையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். அதனால்தான் தலைக்கு 390 குரோனர் கட்டிச் சேர்ந்தோம்.

நாங்கள் வசிக்கும் ஹவுகெட்டோவிலிருந்து மத்திய நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம். அங்கிருந்து யுங்ஸ்டோர்கெ சதுக்கத்துப் பழைய அரங்குக்கு, அக்காவின் முழங்காலோடு, இருபது நிமிட நடை. ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கிய நிறுவனம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இங்கேதான் பாடியது. வழிகாட்டி அதைச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்த, முப்பது வயது மதிக்கத்தக்கவர். கைப்பேசியைப் பார்த்து வாசித்தார்.

அக்கா பக்கக் கதவில் கைவைத்தார். "தம்பி, இதுக்குள்ளைதான் நான் வேலை செய்தனான். பாடகிகளின்ரை உடுப்பெல்லாம் நான்தான் மினுக்கினனான்."

"சூப்பர்க்கா. டைம் இல்ல, வாங்க. ஒரிஜினல் ஓப்பரா அங்கதான் இருக்கு."

"அப்ப இது டூப்ளிக்கேட்டோ?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், நடந்தார்கள்.

புதிய அரங்கில் உள்ளே போகவில்லை. வழிகாட்டி எங்களை நேரே கூரைக்கு ஏற்றினார். தரையிலிருந்தே நடந்து ஏறும் வெள்ளைப் பளிங்குச் சரிவு, கைப்பிடி இல்லை. அக்கா பாதியில் நின்றார். "கூரையிலை பாட்டு இல்லையடா, காத்துத்தான்." அப்போதுதான் படம் எடுக்கப்பட்டது.

அந்தப் படத்தை அவருக்குக் காட்டினேன். கீழிருந்த வரியை வாசித்துவிட்டு, "விடடா" என்றார். பிறகு, "என்ரை பேர் போடேல்லையோ?"

போக எண்ணுவோருக்கு: கூரை ஏற எவருக்கும் கட்டணம் இல்லை; மழையில் வழுக்கும். உள்ளே பார்ப்பதற்கு அரங்கின் சொந்தச் சுற்றுலாவில் முன்பதிவு செய்யுங்கள். பழைய அரங்கைத் தவறவிடாதீர்கள். பக்கக் கதவில் நிற்க எவரையும் கேட்க வேண்டியதில்லை.

ஏற்பாட்டாளருக்கு: பணம் வேண்டாம். படத்தின் கீழுள்ள வரியை நீக்கி, "சரோஜினி, தேசிய ஓப்பராவின் உடை அறை, பத்தொன்பது ஆண்டுகள்" என்று எழுதுங்கள். அக்கா ஆகஸ்ட் 9 அன்று மகளோடு வாழக் கனடா போகிறார், திரும்பி வரமாட்டார். ஜூலை 31, மாலை நான்கு மணிக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். சின்னங்கள் பதிலாகக் கொள்ளப்படமாட்டா.