ஓடிக்கொண்டே நின்ற விசிறி

கொரோனா ஓய்ந்து, எங்கள் பக்கம் லாரிகளின் சத்தம் பழையபடி திரும்பியிருந்த வருடம். ஐப்பசி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், வடசென்னை எர்ணாவூரில், எங்கள் வீட்டு வாசலிலேயே இது நடந்தது.

முதலில் அந்த வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பல வருடமாக மூச்சிரைப்பு. மணலி ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டால் படுக்க முடியாது. தலையணையைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, உட்கார்ந்தபடியே விடிந்துவிடும். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் சும்மா சொல்லிவைத்தேன்: "எங்கனா நல்ல காத்து வர்ற எடத்துல போயி ஒரு நாள் பூரா தூங்கணும்ங்க."

மனுஷன் அதை மனசில் போட்டுக்கொண்டார். எந்தக் காலத்திலோ ஊர் ஊராக மருத்துவ முகாமுக்குப் போன ஒரு பெட்ரோல் வேனைக் காயலாங்கடையிலிருந்து பிடித்து வந்து வாசலில் நிறுத்திவிட்டார். உள்ளே ஒடுக்கமாக ஒரு கட்டில், கை கழுவும் தொட்டி, சின்ன அலமாரி, ஜன்னலுக்கு வெளுத்துப்போன திரை. தெருவில் எல்லோரும் அதற்கு 'வூட்டு வண்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் சிரிப்பு, எதிர்வீட்டு அக்காவைத் தவிர. அவர் மாவு மில் வைத்திருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருக்க, மிளகாய் அரைப்பதிலிருந்து பெல்ட் மாட்டுவது வரை எல்லாம் தனியாள்தான். வேன் நிற்பதால் மில்லுக்கு மூட்டை இறக்க வழி குறைந்துபோனது. வண்டியைக் கிளப்பினால் புகை நேராக மாவுக்குள் போனது. அக்காவுக்கும் எனக்கும் இரண்டு தடவை தெருவே கூடும்படி சண்டை. அப்புறம் பேச்சே நின்றுபோனது. ரம்ஜானுக்கு வரும் நோன்புக் கஞ்சியும் வரவில்லை, பொங்கலுக்கு நானும் எதுவும் கொடுக்கவில்லை.

வண்டி மட்டும் ஒழுங்காக ஓடியதா? மேம்பாலம் ஏறினால் மூச்சு முட்டி, சூடாகி, நடுவிலேயே நின்றுவிடும். என்னை மாதிரியே என்று நினைத்துக்கொள்வேன். டைமிங் சரியில்லை என்றார் என் வீட்டுக்காரர். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி விழுவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறதாம். அது முந்தினால் உள்ளே 'டக டக'வென்று தட்டும். பிந்தினால் இழுவை போய்ச் சூடேறும். அதைச் சரிபார்க்க, பழைய மார்க்கெட்டிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு லைட் வாங்கி வந்தார். ஒயரை மாட்டிவிட்டால், பொறி விழும் ஒவ்வொரு தடவையும் அதுவும் ஒரு தடவை மின்னும். வெளிச்சம் குறைவாக இருந்தால்தான் நன்றாகத் தெரியும் என்பதால் மழை மூட்டம் போட்ட சாயங்காலமாகப் பார்த்து ஆரம்பித்தோம்.

அதற்கு முந்தைய இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கமில்லை. இன்ஹேலரில் மருந்தை இழுத்து இழுத்தே விடிந்தது. இருந்தாலும் லைட்டை நான்தான் பிடித்தேன். அவர் முன்மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பேனரோடு அந்தப் பக்கம் குனிந்துகொண்டார்.

"கீழ உருளை சுத்துது பாரு, அதுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுகீறேன். தெரியுதா, மே?"

விசையை அழுத்தினேன். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது, ஆனால் உருளை அப்படியே நிற்கிறது. வெள்ளைக்கோடு, யாரோ இப்போதுதான் வரைந்து வைத்த மாதிரி அசையாமல் இருக்கிறது. சுற்றும் கோடு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் லைட் மின்னுவதால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று அவர் விளக்கியது அப்புறம்தான். "நிக்குதுங்க" என்றேன். அவர் எதையோ மெல்லத் திருப்ப, கோடும் மெல்ல நகர்ந்தது.

அப்போதுதான் அதற்கு மேலே, இன்ஜினைக் குளிரவைக்கச் சுற்றும் விசிறியைப் பார்த்தேன். நாலு இறக்கையும் பிரிந்து பிரிந்து, தண்ணீரில் மிதக்கிற இலை மாதிரி தெரிந்தன. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதைப்போல அவ்வளவு மெதுவாகத் திரும்பின. நீலமாக மின்னி மின்னி, அதைத் தவிர உலகத்தில் எதுவுமே இல்லாமல் போனது. சத்தம் எங்கோ கடல்பக்கம் ஒதுங்கிவிட்டது. மூச்சுகூட அந்த நேரத்தில் லேசாக வந்தது என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே நின்றேன். இறக்கை ஒன்றின் ஓரத்தில் அழுக்கு படிந்திருந்தது. வீட்டு ஃபேனைப் புடவைத் தலைப்பால் துடைப்பேன் இல்லையா, அதே நினைப்புதான். எடுத்துவிடலாமே என்று என் இடது கை தன்பாட்டுக்கு நீண்டது.

பயமே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. அவ்வளவு அமைதியாக இருந்தது.

சரியாக அந்த நேரம் எதிர் மில்லிலிருந்து அக்கா சண்டைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தார். "இன்னா, தெனிக்கும் இதே ரோதனையா? மாவுல பூரா பொகை..." என்று அவர் ஆரம்பித்தது மட்டும் கனவுக்குள் கேட்பதுபோலக் கேட்டது. மீதியைச் சொல்லி முடிக்கவில்லை.

"யா அல்லா! அடியே!"

அக்கா என் சடையைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழு. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். கையிலிருந்து எகிறிய லைட் விசிறியில் போய் மாட்டியது. 'சடசட'வென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் சில்லும் ஒயர் துண்டுமாக எங்கள் மேலெல்லாம் தெறித்தது. மின்னல் நின்றதும் இறக்கைகள் மறைந்துவிட்டன. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் வெறியோடு சுழன்றுகொண்டிருந்தது. நான் தொடப்போனது அதைத்தான்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

அக்கா முதலில் என் இடது கையைத்தான் பிடித்தார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதுகில் பளாரென்று ஓர் அடி வைத்தார். "மெண்டலாடி நீ? ஓட்ற ஃபேனுல கைய வுட்றியே! புள்ளைங்கள யாரு பாப்பாங்க?" என்று கத்திக்கொண்டே அழுதார். அவருடைய முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. நான் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்தது, ஆனாலும் நகரத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "வேணாங்க்கா. நாளைக்கே காயலாங்கடைக்குத் தள்ளிட்றேன். இவளுக்குனு வாங்குன வண்டி, இவளயே..."

"இவளுக்கா? இன்னாத்துக்கு?" என்று கேட்டார் அக்கா.

நல்ல காற்றில் ஒரு நாள் படுத்துத் தூங்க ஆசைப்பட்டதை நான் சொன்னேன். அப்போதுதான் அவருக்கு விஷயமே தெரியும். எதிரெதிர் வாசலில் இருந்துகொண்டு, அது எதற்காக வந்த வண்டி என்று நாங்கள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் மில்லு பெல்ட்டுல இன்னா கோளாறுன்னு நான் லைட்டு அட்ச்சா பாக்குறேன்? சத்தத்துலயே தெரிஞ்சிடும். நீயும் அப்பிடியே வையி தம்பி. காலீல, நல்ல வெளிச்சத்துல. இவ பக்கத்துல வரக் கூடாது."

மறுநாள் காலையில் அப்படித்தான் செய்தார்கள். என்னை வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு அக்கா வண்டியில் ஏறிக்கொண்டார். பாரத்தோடு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று என் வீட்டுக்காரர் சொல்ல, "மூட்டைக்கு பதிலா நான் குந்திக்கிறேன்" என்றாராம் அக்கா. எண்ணூர் நெடுஞ்சாலையில் போவதும், மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் தட்டுகிறதா என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக் கேட்பதும், இறங்கி டைமிங்கை மயிரிழை திருப்பிவிட்டு மறுபடி ஏறுவதுமாக மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் மாறியிருந்தது எனக்குக் கேட்டது. நன்றாகத் தூங்குகிற ஒருவரின் மூச்சு மாதிரி ஒரே சீராக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில்லைப் பூட்டிக்கொண்டு அக்காவும் எங்களோடு பழவேற்காடு வந்தார். அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தன. பொன்னேரி தாண்டியதும் காற்றின் வாசனையே வேறு. ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு, அந்த ஒடுக்கமான கட்டிலில் படுத்தேன். தலையணையை நிமிர்த்தவில்லை. திரை உப்பி உப்பி அடங்கியது. தூரத்தில் படகுகள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியவில்லை. கதவோரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரரிடம் மெல்லிய குரலில் மிளகாய் விலையைப் பற்றி அக்கா பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை திரும்பி, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தார். அது தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியாது. வெயில் சாயும்வரை தூங்கினேன்.

இன்றைக்கும் யாராவது முகம் சிவந்து என்னைத் திட்டிக்கொண்டு வந்தால், பதிலுக்கு வாய் திறக்குமுன் ஒரு கணம் நிற்கிறேன்; எனக்கு வரவிருக்கும் ஆபத்தை என்னைவிட முன்னால் பார்க்கப்போகிற கண் அவர்களுடையதாகவும் இருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது.