தாம்பரத்து ஜீப் மெக்கானிக்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படித்தபோது, அப்பாவின் வாடகை ஜீப்புக்கு ஆயில் மாற்றத் தாம்பரம் போனோம். ஒல்லியான மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் படுத்து, பழைய ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"கியர்பாக்ஸ்ல ஆயில் கொறைஞ்சி கீது. பக்கத்து ஃபோர்வீல் கியர் பெட்டில ரொம்பி வழியுது. இன்னா சமாச்சாரம்?" என்று என்னைக் கேட்டார்.

"நடுவுல ஆயிலத் தடுக்கிற சீல் போயிருக்குண்ணா. ஆயில் மட்டும் மாத்துனா மறுபடி கியர்பாக்ஸ் காய்ஞ்சிடும்."

"நீ சும்மா இரும்மா," என்றார் அப்பா. மறுநாள் சவாரி இருந்தது.

"பொண்ணு கரீட்டா சொல்லுது. வண்டிய வுட்டுட்டுப் போ நைனா."

அப்பா என்னைப் புதிதாகப் பார்த்தார். கிளம்பும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளக் குனிந்தேன். அதுவரை ஜீப்புக்கு அடியிலிருந்து எழுந்தே வராத அந்த மனிதரின் தலைமாட்டில் புது சீல் ஒன்று தயாராக இருந்தது.

சீல் போனதைத் தன் மகள்தான் கண்டுபிடித்தாள் என்று அப்பா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.