ஐந்தாம் பாகம்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் மனு தட்டச்சு செய்கிறவள் நந்தினி. ஏழு மாதக் கர்ப்பிணி. திங்கட்கிழமை குறைதீர்வு நாள், மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் டிபன் டப்பாவை மூடியதும் கதைப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள்.

இப்போது அவளைப் பிடித்து ஆட்டுவது ஒரு மர்மத் தொடர். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அமாவாசைதோறும் ஏதோ ஒரு வீட்டுக் கதவில் ஈரக் கைத்தடம் தெரியும். மறுநாள் அந்த வீட்டில் ஒருவரைக் காணோம். முனி அடித்துவிட்டது என்று ஊரே கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்குகிறது. நான்கு பாகம் முடித்தாயிற்று. கடைசி பாகம் லைப்ரரியில் யாரிடமோ மாட்டிக்கொண்டு, ஒருவழியாகத் திரும்பி வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மாமியார் ஆதிலட்சுமி அட்டைப்படத்து முனியைப் பார்த்துவிட்டாள். புத்தகம் பீரோவுக்குள் போய்விட்டது.

"புள்ளத்தாச்சி படிக்கிற புக்கா இது? வயித்துல இருக்கறது பயந்துக்கும். பொறந்தப்புறம் படி."

"பொறந்தப்புறம் தூங்கவே நேரம் இருக்காது அத்தை. எங்க படிக்கிறது?"

பீரோ சாவி ஆதிலட்சுமியின் இடுப்பில் ஏறியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் வந்தாள். முறுக்கைக் கடித்தபடியே, தன் நாத்தனார் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்த கதையைச் சொன்னாள். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஆதிலட்சுமி தன் பங்குக்குச் சேர்த்தாள். எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பது இருவருக்கும் நினைவில்லை.

ரேணுகாம்பாள் போனதும் நந்தினி கேட்டாள்: "இதுக்கெல்லாம் புள்ள பயப்படாதா அத்தை?"

"அது நடந்ததும்மா."

"நடக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு. திங்கக்கெழமையானா ஒரு அம்மா வருது. அதோட நெலத்தை வளைச்சவன் பேரு மனுவுல மொத வரியிலயே இருக்கு. மூணு தடவ அடிச்சுக் குடுத்துட்டேன். அவன் பாட்டுக்கு அந்த நெலத்துல வேர்க்கடலை போட்டுட்டு இருக்கான். இந்தக் கதையில எவன்னே தெரியல. ஆனா கடைசியில மாட்டுவான். ஒருத்தனாச்சும் மாட்டறதைப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போறனே."

ஆதிலட்சுமி முறுக்குத் தூளைக் கூட்டி அள்ளினாள். பிறகு எழுந்து பீரோவைத் திறந்தாள்.

"பகல்ல மட்டும் படி. வெளக்கு வச்சப்புறம் தொடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நந்தினி பாதிப் புத்தகத்தைத் தாண்டியிருந்தாள். ஆதிலட்சுமி கீரை ஆய்ந்துகொண்டே, கேட்காத மாதிரி கேட்டாள்.

"அப்போ முனி இல்லையா?"

"காணாமப் போனவங்க நெலமெல்லாம் ஒருத்தன் பேர்ல எழுதியிருக்கு அத்தை. முனிக்கு நெலம் எதுக்கு?"

ஆதிலட்சுமி கீரைத் தட்டை ஒதுக்கிவைத்தாள்.

"சத்தமாப் படி. புள்ளைக்கும் கேக்கட்டும்."