அந்துருண்டை வைத்த கம்ப்யூட்டர்

அம்மாவுக்கு ஞாபகசக்தி அதிகம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அதுவே எனக்கு எமனாக வந்து வாய்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பத்தாவது படிக்கும்போது, ஆரணியிலிருந்து சென்னைக்கு, எங்கள் தறியில் நெய்த புடவை கொடுக்கப் போன அப்பா ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டரோடு திரும்பினார். மொத்தமே ஒரு கீபோர்டுதான். அதை டிவியில் மாட்ட வேண்டும். புரோகிராமை டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். ஏறும்போது கேசட் போடும் கீச்சலுக்குத் தெருநாய் பதில் சொல்லும். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தறியை விட்டு எழுந்து, முகம் கழுவி, சினிமாப் பாட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். டிவியில் என் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பாதி ஏறிய புரோகிராமை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பாட்டெல்லாம் முடிந்தே போனது. அடுத்த மாதம் டிவியின் பிக்சர் டியூப் போனதற்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

பத்து வருடம் கழித்து, புதிய கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்த நான், பழைய ஹோம் கம்ப்யூட்டர்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். மூடிப்போன டியூஷன் சென்டரில் இரண்டு கிடைத்தன. தேவிகாபுரத்தில் ஒரு வீட்டில் கோழிக்கூடை பறக்காமல் இருக்க மேலே ஒன்றை வைத்திருந்தார்கள். அதைக் கெஞ்சி வாங்கி, பதிலுக்கு ஒரு நல்ல கருங்கல் தேடிக் கொடுத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஆர்மோனியமா என்று கேட்ட கண்டக்டரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்வதற்குள் ஆரணியே வந்துவிடும்.

வீட்டில் இருந்ததோடு சேர்த்து ஆறு ஆயின. ஆனால் என் உயிர் அப்பா வாங்கி வந்த அந்த முதல் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பட்டுக்கார வீட்டில் பிறந்தவனுக்குப் பாதுகாப்பது என்றால் ஒரே வழிதான் தெரியும். வெள்ளைத் துணியில் சுற்றினேன், பீரோவில் வைத்தேன், உள்ளே கைநிறைய அந்துருண்டை போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும் என்ற பகுதியை மட்டும் இரண்டு வருடம் மறந்துபோனேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி துடைப்பார்கள், வேண்டாததைக் கழிப்பார்கள். அந்த வருஷம் அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"வேலை செய்யாத எதுக்கும் இந்த வூட்டுல பொட்டு கெடையாது. மத்தியானம் பழைய இரும்புக்காரர் வர்றார். உன் கம்ப்யூட்டருங்கள்ல ஒண்ணாவது ஒரு வேலை செஞ்சா எல்லாம் இருக்கட்டும். இல்லன்னா எல்லாத்தையும் ஏத்தி வுட்டுடுவேன்."

சொன்னால் செய்பவள். ஐந்தை மாட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கும் உயிர் இல்லை. கோழிக்கூடைக்காரன் மட்டும் ஒரு பொறியைக் கக்கிவிட்டு ஓய்ந்தான். கடைசியில் பீரோவைத் திறந்து என் செல்லத்தைப் பிரித்தேன். அந்துருண்டைகள் பிளாஸ்டிக்கை இளக்கி, கீபோர்டின் கட்டைகளுக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தன. கரண்ட் கொடுத்தால் டிவியில் கர்சர் வந்தது! ஆனால் என்டர் கட்டை அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டதால், வந்த கர்சர் நிற்காமல் கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பல்லுக்குள் இழை இழுக்க அம்மா வைத்திருக்கும் மெல்லிய தகட்டை நைசாக எடுத்துவந்து, கட்டையின் சந்தில் விட்டு நெம்பினேன். கட்டை கழன்று வந்தது. அடியில் இருந்த முளையைத் தகட்டின் நுனியால் தொட்டால் என்டர் வேலை செய்தது. புடவையில் வரும் ஒரு மாங்காய் புட்டாவை, கிராஃப் தாளில் கட்டம் நிரப்புவது மாதிரி, வரிசை வரிசையாக டைப் செய்தேன். முக்கால்வாசியில் கரண்ட் போனது. அத்தனையும் அழிந்தது. கரண்ட் வந்ததும் அழாத குறையாக மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

மாங்காய் டிவியில் வந்து நின்ற நேரம், தகட்டைத் தேடிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள்.

"இன்னாடா இது! என் தகடு இங்க இன்னா பண்ணுது?" அப்புறம் கீபோர்டைப் பார்த்தாள். "சரிகை மேல உருண்டைய நேரா போடாத, துணியில முடிஞ்சி வைன்னு எத்தினி வாட்டி சொல்லிகிறேன்? பட்டுக்காரன் வூட்டுல பொறந்தவனா நீ?"

தலை குனிந்து நின்றேன். நிமிர்ந்தால், அம்மா டிவி கண்ணாடியில் விரலை வைத்துக் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"காம்பு ஒரு கட்டம் தள்ளி கீது."

புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். காம்பு நகர்ந்து உட்கார்ந்தது.

"அவ்ளோதானா? பிரிக்க வாணாமா?"

"வாணாம்மா."

தறியில் ஒரு வரிசை தப்பினால் பிரித்து நெய்ய அரை நாள் போகும். அந்த அரை நாள்களை வாழ்நாள் முழுக்கக் கொடுத்தவள் அவள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வால இன்னும் கொஞ்சம் வளை. போதும், போதும். அந்தக் கண்ண எடு. ஏன் எடுத்த, வை. ஜல்தி போடுடா, இன்னா தடவிகினு கீற?"

தகட்டால் குத்திக் குத்தி என் விரல் மரத்துப்போனது. அம்மா என்னை இவ்வளவு நேரம் வேலை வாங்கியதே இல்லை. தகட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சந்தோஷமாக அடித்தேன்.

வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. "அம்மா, கம்ப்யூட்டருங்க எடுத்துக்கறதா சொன்னீங்களே?" என்று இரும்புக்காரர் குரல் கொடுத்தார்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலை நடந்துகினு கீதுப்பா," என்றாள். "அடுத்த வூட்டப் பாரு."