வாசலில் நின்ற கூட்டம்

ஆட்கள் வாசலில் வந்து நின்று வேடிக்கை, விடுப்புப் பார்ப்பது எனக்கு ஊரிலேயே பிடிக்காது. மெல்பேர்னுக்கு வந்தும் அந்தக் குணம் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில் கார்ல்டனில் ஒரு பழைய மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய ஒடுங்கல் வீடு. கூரை ஒழுகும், குசினியில் எந்நேரமும் ஈரவாடை. இன்றைக்கு அந்தத் தெருவில் வீடு வாங்கக் கோடீஸ்வரனாக இருக்கவேண்டுமாம். அன்றைக்கு வேறு ஒருவரும் எடுக்காத வீட்டைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

நான், இவர், என் அக்கா, மூன்று பேர்தான். இவர் ரெயில்வேயில் வரைபடம் கீறும் வேலை. நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் பகுதியில் இருந்தேன். அக்கா தமிழரை அடித்த எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவள்.

கொழும்பில் அக்கா வீட்டுக்குக் கூட்டம் வந்தபோது, முன்னால் நின்ற ஒருவன் கையை நீட்டி இந்த வீடு, அந்த வீடு என்று காட்டினானாம். காலையில் அத்தானோடு பஸ்ஸுக்கு நிற்கிறவன். அக்காவும் அத்தானும் பின்மதிலால் ஏறிக் குதித்து, ஒரு சிங்களக் குடும்பம் ஒளித்துவைக்க, ஒருமாதிரி அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாள் காலை அத்தான், "வீட்டை ஒருக்காப் பாத்துப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் ஆளில்லை, கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை.

அதனால் அக்கா பொட்டை அழிக்கவில்லை. அதை எப்படி அழிப்பது? அழித்தால் தானே அவரைக் கொன்றதுபோல இருக்கும் என்றாள். வைத்திருந்தால் ஊர்வாய் சும்மா இருக்குமா? அப்போது மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் ஒரு கைப்பிடிதான், வாய் மட்டும் ஒரு ஊருக்குக் காணும். ஒரு வீட்டுப் பூசையில் குங்குமத் தட்டு சுற்றி வந்தது. தட்டோடு வந்த அன்ரி எனக்குத் தந்தார், அக்காவைத் தாண்டி அடுத்த ஆளுக்கு நீட்டினார். அக்கா நீட்டிய கையை மெல்ல மடிக்குள் எடுத்துக்கொண்டாள்.

"ஏன் அன்ரி, அக்காவுக்கு இல்லையோ?" என்றேன்.

"இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை குடுக்கிறது? எங்கையாவது ஓடிப்போனாரோ எண்டும் ஒரு கதை அடிபடுது."

"உங்கட மனுசன் இப்ப எங்கை எண்டு உங்களுக்குத் தெரியுமோ? குதிரை ரேசிலயெல்லோ நிக்கிறார்!"

இவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். அந்த அன்ரியின் கோதாரி விழுந்த தட்டை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அன்றிலிருந்து அக்கா வீட்டைவிட்டு இறங்கவில்லை. மேல் மாடி முன்னறையில் யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, தெருவைப் பார்த்தபடி இருப்பாள். யாரைப் பார்க்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அக்கா படியால் தடதடவென்று ஓடிவந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"வந்திட்டாங்கள். வீட்டைக் காட்டுறான். பின்னால ஓடு, ஓடடி!"

எனக்கு ஒன்றும் விளங்கமுதல் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். நான் முன்னறைத் திரையை விலக்கிப் பார்த்தேன். வாசலில் ஒரு கூட்டம். முன்னால் தொப்பி போட்ட ஒரு கிழவர், ஒரு கையில் கடதாசி, மறுகையை நீட்டி எங்கள் மேல் மாடியைக் காட்டுகிறார். எல்லாத் தலையும் அங்கேயே திரும்பி நிற்கிறது. அந்தக் கணம் நான் மெல்பேர்னில் இல்லை.

பிறகுதான் கண்ணில் பட்டது: கைப்பை போட்ட பெண்கள், கழுத்தில் கமெரா, ஒரு தடித்த மனிதன் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு நிற்கிறான். ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு ஒருவனும் வீடு கொளுத்த வரமாட்டான். பயம் போன வேகத்தில் எனக்கு வந்ததே ஒரு கோபம்! புட்டுமா ஒட்டிய அகப்பையோடு கதவைத் திறந்தேன்.

"என்ன வேணும் உங்களுக்கு? இது என்ன மிருகக்காட்சிச்சாலையே?" பாதி இங்கிலீசு, பாதி தமிழ். கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

கிழவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு காலத்தில் இந்தப் பகுதியெல்லாம் யூதர்கள் இருந்த இடமாம். இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னும் பின்னும் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள் இங்கேதான் இறங்கினார்களாம். இப்போது எல்லாரும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்கள். அந்த மூலையில் பாண் சுட்ட பேக்கரி, இந்தத் தெருவில் பள்ளிக்கூடம், அங்கே தொழுகை வீடு என்று அவர் ஆட்களை நடத்திக் கூட்டிவந்து காட்டுகிறாராம். எங்கள் வீடு அந்த நாளில் தனியாட்கள் தங்கும் விடுதியாம்.

"உங்கட கதை நல்ல கதைதான். எங்கட அக்கா உங்களைக் கண்டு பின்மதிலில ஏறி நிக்கிறா!"

"மதிலிலா? ஏன்?"

ஒரே மூச்சில் சொன்னேன். கூட்டம், நீட்டிய கை, மதில், அத்தான். மனிதர் நீட்டிய தன் கையை ஒருதரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். கூட்டத்தை மூலையில் போய் நிற்கச் சொன்னார். "இதை நான் யோசித்திருக்கவேண்டும். மற்றவர்கள் யோசிக்காவிட்டாலும் நான் யோசித்திருக்கவேண்டும்" என்றார். கோபம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் போய் அக்காவை இறக்கி எடுப்பதற்குள் புட்டு அடிப்பிடித்துவிட்டது. அவளுடைய இரண்டு முழங்கையும் தேய்ந்து இரத்தம் கசிந்தது.

அடுத்த கிழமை அவர் தனியாக வந்தார். கசகசா வைத்து உருட்டிச் சுட்ட கேக் ஒன்று கையில். குசினிக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். அக்கா இறங்கி வரமாட்டேன் என்றாள். தான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மேல் மாடி முன்னறையில்தான் இருந்ததாக அவர் சொன்னது படியில் நின்ற அக்காவுக்குக் கேட்டிருக்கவேண்டும். மெல்ல வந்து எதிரே இருந்தாள்.

"அந்த யன்னல் இப்பவும் இறுகுதோ?" அவர் பேசியது இங்கிலீசு. எனக்கு நினைவிருப்பது எங்கள் தமிழில்தான்.

"ஓம். மழைக்குத் திறக்கேலாது," என்றாள் அக்கா. "நீங்களும் அந்த யன்னலால பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

"ஓம்."

"ஆரை?"

மனைவியையும் சின்ன மகளையும் என்றார். போலந்தில் ஒரு சிறு பட்டணம். எல்லைக்கு அப்பால் போய் ஒரு இடம் பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாராம். பிறகு பாதை மூடிவிட்டது. சண்டை முடிந்து தேடினார். எந்த நாள், எந்த இடம் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "இவரும் போட்டு வாறன் எண்டுதான் சொன்னவராம்" என்று தமிழில் சொன்னாள். நான் அவருக்கு விளக்கினேன்: எங்கள் ஆட்கள் வாசலில் நின்று போறன் என்று சொல்லமாட்டார்கள், அது செத்த வீட்டுச் சொல், பக்கத்துக் கடைக்கென்றாலும் போட்டு வாறன், போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

அக்கா கேட்டாள்: "வர நினைச்சனீங்களோ?"

"ஒவ்வொரு நாளும்."

"அப்ப வர ஏலாமல் போனதுதான்."

"வர ஏலாமல் போனதுதான், அம்மா."

அத்தான் ஓடிப்போனார் என்ற அந்த நாசமாய்ப் போன கதையை அக்கா இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"நாள் தெரியாமல் எப்பிடித் திவசம் செய்யிறியள்?" என்றாள் அக்கா.

அவர்களிலும் வருசத்துக்கு ஒருதரம் விளக்குக் கொளுத்த வேண்டுமாம். நாள் தெரியாத எத்தனையோ பேர் தாங்களே ஒரு நாளை எடுத்துக்கொண்டார்களாம். "நான் அவையளைக் கடைசியாக் கண்ட நாளை எடுத்தனான். திரும்பி வருவன் எண்டு சொன்ன நாளை."

அக்கா கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். பிறகு, "ஆவணி, வளர்பிறைச் சஷ்டி," என்றாள். "அண்டைக்கு நான் விரதம். முகாமில தண்ணிகூடக் குடிக்கேல்லை. அவர் வந்தபிறகு குடிப்பம் எண்டு இருந்தனான்."

மறுநாள் காலை அவள் கீழே வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. எவரும் அழிக்கவில்லை, எவரும் அழவில்லை, சுற்றி நின்று ஒப்பாரி வைக்க ஒரு ஆளில்லை. தானே முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். "தேத்தண்ணி வை" என்றாள். நான் கேத்தலைத் தூக்கியபடி நின்று அழுதேன். அவள்தான் அதை என் கையிலிருந்து வாங்கி அடுப்பில் வைத்தாள்.

அதன்பிறகு கிழவர் அடிக்கடி வந்து போனார். கூட்டத்தோடு வரும் ஞாயிறுகளில் முதலில் தான் மட்டும் வந்து கதவைத் தட்டிச் சொல்வார், கையை நீட்டமாட்டார். குசினியில் என்னிடம் நாலைந்து தமிழ்ச் சொற்கள் பழகினார். அவருடைய நாக்கில் தமிழ் பட்ட பாடு சொல்லி முடியாது. நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

ஆவணிச் சஷ்டிக்குத் திவசம் செய்தோம். ஐயர் இல்லை, வாழையிலை இல்லை. இவர் தேவாரம் பாடினார். அத்தானுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை அக்காவே வைத்துப் படைத்தாள். கிழவரையும் வரச்சொல்லியிருந்தாள். வந்து, எங்களோடு நிலத்தில் சம்மணம் கட்ட முடியாமல் கால்களை நீட்டியபடி இருந்து, கையால் அள்ளிச் சாப்பிட்டார்.

வெளிக்கிடும்போது வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து, தான் பழகியதை ஒழுங்காகச் சொன்னார்: "போட்டு வாறன்."

நான் சிரிக்கப் போனேன். அக்காவின் முகத்தைக் கண்டு நின்றுவிட்டேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றாள் அக்கா. "இந்த வாசலில நிண்டு போறன் எண்டே சொல்லுங்கோ."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இங்கிலீசில் சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"போறன்," என்றார். அக்கா ஓம் என்றாள்.