சரோஜம் மாமியின் எட்டு மணிச் சொட்டு

"தலையை நன்னா பின்னாடி சாயுங்கோ. உத்தரத்துல பல்லி இருக்கா பாருங்கோ."

தெருக்கோடி வீட்டு வெங்கடசுப்ரமணியன் பல்லியைத் தேடும் நேரத்தில் சரோஜம் மாமி அவருடைய கீழிமையை விரலால் இழுத்துச் சொட்டு மருந்தை விட்டுவிடுவாள். பல்லி ஒருநாளும் இருந்ததில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்த பதினோரு நாளாக அவரும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் அந்த அக்ரகாரத் தெருவில் யாருக்குக் கண்ணில் என்ன வந்தாலும் மருந்துப் பை மாமி வீட்டுக்குத்தான் வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவள். முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து என்று ஆளுக்கொரு அட்டை போட்டிருக்கிறாள். இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிஷம். விட்டபின் மூக்கோரத்தை அழுத்திக்கொள்ள வேண்டும். கைவைத்தியம் என்று வாயெடுத்தவர்கள் தொலைந்தார்கள். "கண்ணு என்ன பஞ்சாமிர்தமா, தேனை விடறதுக்கு?"

எதிர்வீட்டுப் பத்மஜாவுக்குத்தான் திட்டு அதிகம். கண் உலர்ச்சிக்கு மருந்து விடும்போதெல்லாம் சிமிட்டிவிடுவாள். "மதி, மதி! போறும் சிமிட்டினது! சீக்கு கண்ணுக்கா, கன்னத்துக்கா? ஒரு சொட்டுக்கு அசையாம இருக்கத் தெரியலே!"

இத்தனைக்கும் மாமிக்கே கண் அழுத்தம் உண்டு. வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுவிடும், போனது திரும்பாது. தெருவுக்கே இதை விளக்கியவள் அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லிவிடவும் முடியாது. காலை மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, மணி தவறாமல் தனக்கும் விட்டுக்கொள்வாள். ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை. இரண்டு தரம் மருந்தை மாற்றியாயிற்று. போன மாதம் இடப்பக்கம் நின்ற பால்காரர் கண்ணில் படாமல் அவர்மேல் மோதிவிட்டு, "சாரமில்லே, பரவாயில்லே, போகட்டும்" என்று அவரையே மன்னித்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்மஜா துணையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சுப்ரியா யோசித்தாள். "மருந்து கேக்கலைன்னா இடது கண்ணுக்கு ஆபரேஷன்தான். அதுக்கு முன்னாடி, இங்கேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கோ."

முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது புடவைக் கரையில். பாட்டில் கிட்டே வந்ததுமே கண் தானாக இறுக மூடிக்கொள்கிறது. ஒன்றரை வருஷமாக இதே கதை. மற்றவர்களுக்குப் பல்லி காட்டலாம். தனக்குத்தானே எப்படிக் காட்டிக்கொள்வது? அவளுக்குச் சொட்டு விடத் தெருவில் ஆளில்லாமலா? கண் போய்விடும் என்ற பயத்தைவிட, தெரு சிரிக்கும் என்ற பயம் பெரிதாக இருந்தது.

பத்மஜா சுவரிலிருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் படித்தாள். "ஆறு வாரம் பார்ப்போம். வேற யாராவது விட்டுவிடட்டும்" என்றாள் டாக்டர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோருக்கும் மருந்து விட்டாயிற்று. பத்மஜா வழக்கம்போல் சிமிட்டினாள், வழக்கம்போல் திட்டு வாங்கினாள். புறப்பட்டவளின் கையில் மாமி தன் பாட்டிலைத் திணித்தாள்.

"கையை சோப்புப் போட்டு அலம்பிண்டு வா." குரலில் அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை.

பத்மஜா அலம்பிக்கொண்டு வந்தாள். மாமி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு நாளாக வெங்கடசுப்ரமணியன் உட்கார்ந்த அதே நாற்காலியில் தலையைச் சாய்த்தாள்.

"உத்தரத்துல பல்லி இருக்கா பாருங்கோ, மாமி."

இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கண்ணை அகலத் திறந்து தேடினாள்.